முதலில் புள்ளிக்கோடு, பிறகுதான் வளைவு

பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒய் = 2^எக்ஸ் − 4 என்ற அடுக்குக்குறிச் சார்பின் (எக்ஸ் அடுக்கில் நிற்கும் சார்பு) வரைபடத்தைக் கேட்டிருந்தார்கள். எக்ஸுக்கு 0, 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தேன். −3, −2, 0, 4 வந்தது. புள்ளிகளை இணைத்தேன். இடப்பக்கத்துக்கு எதையும் கணக்கிடாமல், வந்த போக்கிலேயே கோட்டைக் கீழே இழுத்து −6 வரை கொண்டுபோய் நிறுத்தினேன். விடைத்தாள் கைக்கு வந்தபோது அந்த வாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

அடுக்கு விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வளைவு −4-ஐத் தாண்டிக் கீழே இறங்கவே முடியாது என்பது உறைக்கவில்லை. 2-இன் எந்த அடுக்கும் மிகை எண்தான். எவ்வளவு சிறுத்தாலும் 0 ஆகாது. அதிலிருந்து 4-ஐக் கழித்தால் விடை எப்போதும் −4-க்கு மேலேதான் நிற்கும். வளைவு நெருங்கிக்கொண்டே போனாலும் தொடாத அந்த எல்லைக்கோடுதான், ஒய் = −4, தொலைத்தொடுகோடு.

இதை மனத்தில் பதிய வைத்தது ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தாளில் ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து 2^எக்ஸ் வரைகிறோம் என்று கொள்ளுங்கள். எக்ஸ் 10 ஆகும்போது உயரம் 1024 சென்டிமீட்டர், அதாவது பத்து மீட்டருக்கும் மேல். எக்ஸ் −10 ஆகும்போது உயரம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். தாளில் வளைவு அச்சோடு ஒட்டிவிட்டதுபோல் தெரிவது அதனால்தான், உண்மையில் ஒட்டவில்லை.

அன்றுமுதல் நான் வளைவில் தொடங்குவதே இல்லை. தொலைத்தொடுகோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு, 2^எக்ஸின் மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வேன்: (−1, ½), (0, 1), (1, 2). எந்த உருமாற்றம் வந்தாலும் இந்த மூன்றையும் கோட்டையும் நகர்த்தினால் போதும்.

ஒய் = 3 − 2^(எக்ஸ்−1) என்று கேட்டால், முதலில் வலப்பக்கம் 1 நகர்த்துங்கள்: (0, ½), (1, 1), (2, 2). முன்னால் கழித்தல் குறி இருப்பதால் எக்ஸ் அச்சில் பிரதிபலியுங்கள்: (0, −½), (1, −1), (2, −2). பிறகு 3 மேலே தூக்குங்கள்: (0, 2½), (1, 2), (2, 1). கோடு ஒய் = 3-க்குப் போய்விட்டது; வளைவு அதற்குக் கீழே. வீச்சகம், அதாவது ஒய் பெறக்கூடிய மதிப்புகள் எவை என்று கேட்டால் தனியாக யோசிக்க வேண்டியதில்லை: 3-ஐவிடக் குறைந்த எல்லா மெய்யெண்களும்.

பிரதிபலிப்பை முடிக்காமல் 3-ஐத் தூக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 3-உம் சேர்ந்து தலைகீழாகி, கோடு −3-இல் போய் நிற்கும்.

பலர் சறுக்கும் இடம் 2^(3−எக்ஸ்). கூட்டலாக ஒரு 3 தெரிகிறதே என்று இடப்பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். அடுக்கு எங்கே 0 ஆகிறது என்று மட்டும் கேளுங்கள். எக்ஸ் 3 ஆகும்போது. ஆகவே (0, 1) என்ற புள்ளி (3, 1)-க்குப் போகிறது. வளைவு ஒய் அச்சில் பிரதிபலித்து, வலப்பக்கம் 3 நகர்ந்திருக்கிறது. இந்த ஒரு கேள்வி வந்த பிறகு, இடமா வலமா என்று நான் குழம்பியதே இல்லை.

2^(எக்ஸ்+3) என்பதைப் பார்த்ததும் 8 × 2^எக்ஸ் என்றும் எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் 3 நகர்த்துவதும் செங்குத்தாக 8 மடங்கு நீட்டுவதும் இங்கே ஒரே வளைவைத் தருகின்றன. பரவளையத்தில் இப்படி நடக்காது. இரண்டு வழியிலும் (0, 8) கிடைத்த அன்று, அடுக்குக்குறிச் சார்பின் மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் வந்தது.

தேர்வறையில் பென்சிலைக் கீழே வைக்கும் முன், கேள்வியில் உள்ள சமன்பாட்டிலேயே எக்ஸ் = 0 போட்டு, வரும் விடையும் வளைவு ஒய் அச்சை வெட்டும் இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அரை நிமிட வேலைதான்.