உயர்நிலை ஒன்றில் படப் புத்தகம்

சிங்கப்பூரில் நம் பள்ளியில் தாய்மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக் கோடி அறைக்கு நடந்தவர்களுக்கு அந்த அறையைப் பற்றியோ தமிழ் டீச்சரைப் பற்றியோ விளக்கத் தேவையில்லை. டீச்சர் இந்த ஆண்டு காலமாகிவிட்டார். அவர் நமக்குப் புத்தகம் படிக்கவும், படித்ததைப் பேசவும் கற்றுக்கொடுத்த முறையை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். வெளிநாடுகளில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் நம் பழைய மாணவர் சங்கத்தவர்களுக்கு இது பயன்படும்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. முடித்து, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான உயர்நிலை ஒன்றுக்கு வந்த நம் கையில் அவர் கொடுத்தது படப் புத்தகம். பதின்மூன்று வயதில், அட்டையில் ஆட்டுக்குட்டி சிரிக்கும் புத்தகத்தோடு கேண்டீனைக் கடந்து போவது எல்லாருக்கும் அவமானமாகத்தான் இருந்தது. டீச்சர் அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. காரணம் போகப் போகத்தான் புரிந்தது. நம் வயதுக்கு ஏற்ற சிந்தனை நமக்கு இருந்தது. அதைத் தாங்கும் அளவுக்குத் தமிழ் இல்லை. கனமான புத்தகம் கொடுத்தால் சொல்லுக்குப் பொருள் தேடுவதிலேயே பாடவேளை போய்விடும். படப் புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம், மிச்ச நேரம் முழுக்கப் பேச்சுக்கு.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் அவர் கறாராக இருந்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மாணவரை வாசிக்கச் சொல்வார். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். அடுத்து, எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்க வேண்டும். கதையில் வருபவர் எடுக்கும் முடிவு சரியா தவறா என்று உடனே சொல்ல முடியாததாகவும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கதையின் நீதியை அச்சடித்திருந்தால் அந்தப் பக்கத்தை கிளிப் போட்டு மூடிவிடுவார். நீதியைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பழைய புத்தகங்களில் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். அதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்து நிற்கும். நன்றாக வாசிக்கும் பிள்ளையும் அந்த இடத்தில் தடுக்கி நிற்கும், கதை அறுந்துவிடும். டீச்சர் ஒவ்வோர் இடத்திலும் மேலே பென்சிலால் புது எழுத்தைப் பொடியாக எழுதி வைத்திருப்பார். அந்தப் பென்சில் எழுத்துகளைப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

வகுப்புக்கு முன் ஒரு புத்தகத்தை அவர் மூன்று முறை படிப்பார். முதலில் கதைக்காக. இரண்டாம் முறை வாய்விட்டு, ஏனென்றால் ‘அழைத்துக்கொண்டிருந்தான்’ போன்ற நீளச் சொற்களில் எங்கே மூச்சு விடுவது என்று குறிக்க வேண்டும். மூன்றாம் முறை, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்று பார்க்க. நிறுத்தும் இடங்களில் காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் நிறுத்தினால் பிள்ளைகளின் கவனம் கதையை விட்டுப் போய்விடும். வாசிக்கும்போது புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, குழல் விளக்கின் வெளிச்சம் பளபளப்புத் தாளில் பட்டுக் கண்ணைக் கூசாதபடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்வார்.

அவருடைய கேள்விகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். காணாமல் போன நாய்க்குட்டியை ஒரு சிறுமி வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அடுக்குமாடி புளோக்கின் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில் அதைத் தேடும் அறிவிப்பைப் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அவள் செய்தது சரியா?’ என்று கேட்டால் முப்பது பேரும் ‘தப்பு டீச்சர்’ என்பார்கள், பேச்சு அதோடு முடிந்தது. ‘அன்று ராத்திரி நாய்க்குட்டிகிட்ட அவ என்ன சொல்லியிருப்பா?’ என்று கேட்டால் முப்பது விதமான பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும் அவருடைய அடுத்த கேள்வி ஒன்றுதான்: ‘எந்தப் படத்தைப் பார்த்து அப்படிச் சொல்ற?’ அதற்குப் பதில் தேட, பக்கங்களை மறுபடி புரட்டியே ஆக வேண்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ ஆராய்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு வர வேண்டிய பிள்ளைக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? டீச்சர் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரல் விரலாக அழுத்திப் பத்து வரை எண்ணுவார். அந்த மௌனத்தில் அவரே பதிலைச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைவில்லை.

பேச்சுத் தமிழில் பேசலாம். ‘எனக்கு சேடா (sad) இருந்துச்சு’ என்றால் ‘ஓ, உனக்குக் கஷ்டமா இருந்துச்சா, எதனால?’ என்று கேட்டபடியே தமிழ்ச் சொல்லைக் காதில் போட்டுவிடுவார். தவறு என்ற பேச்சே இல்லை. பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது 2005இல்தான். கோடி அறையில் அதற்கு வெகுகாலம் முன்பே அது வழக்கம்.

குழுவுக்கு ஐந்து பேர், இரண்டு பிரதிகள். ஒரே பிரதி இருந்தால் இருவர் பார்ப்பார்கள், மூவர் சன்னலைப் பார்ப்பார்கள். மாஜோங் தாள் எனும் பெரிய தாளில் நான்கு கட்டம்: பிடித்தது, பிடிக்காதது, புரியாதது, திரும்பத் திரும்ப வந்தது. புரியாததில்தான் தொடங்க வேண்டும். கருத்துச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளையும் சந்தேகம் கேட்கத் தயங்காது. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்பவரிடம் எழுதும் பேனா போகும். எழுதுகிற கை ஓடும்போது மற்றவர்கள் பேச இடம் கிடைக்கும்.

பயிற்சித்தாள் கிடையாது. படித்தபின் கோடிட்ட இடம் நிரப்ப வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் விடை தேடித்தான் படிப்பார்கள். இரவல் நோட்டில்கூட அவர் கேட்டது, ‘இதை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்?’ என்ற ஒரே விவரம். உன் பெயரை ஒருவர் அங்கே எழுதிவிட்டால் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருக்க மனம் வராது.

நம்மில் பலர் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ‘ஓ’ நிலையோடு தமிழை நிறுத்தினோம். பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று நாட்டையும் விட்டு வந்தோம். வந்த இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அவர் ஓய்வு பெற்றபோது அந்த அறையை ஏற்று நடத்த அவரிடம் படித்தவர் ஒருவர் அங்கே இருந்திருக்கலாம். அவர் அதை எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. நாமும் போகவில்லை.

சனிக்கிழமை வகுப்புகளில் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே அறையில் இருக்கும். டீச்சரின் முறை அதற்கும் பொருந்தும். பெரிய பிள்ளை வாசிக்கட்டும். சின்னப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பருவத்துக்கு ஆறு தலைப்புகள், தலைப்புக்கு இரண்டு பிரதிகள் போதும். நீதிப் பக்கம் இருந்தால் மறக்காமல் கிளிப் போடுங்கள்.