தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

வானியல் படத்தில் கறுப்புப் பொட்டு தெரிந்த உடனே துடைக்கத் துணி தேடும் நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: முதலில் அந்தப் பொட்டை அளந்து பாருங்கள். தூசி எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்பதை அதன் நிழலின் அளவே சொல்லிவிடும். அது தெரியாமல் கேமராவைத் திறப்பவர்கள், பெரும்பாலும் சுத்தமான கண்ணாடியைத்தான் துடைத்துக் கெடுக்கிறார்கள்.

நான் இருப்பது திருப்பூரில். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மொட்டை மாடி. இங்கே மண் தூசியோடு பஞ்சும் சேர்ந்தே பறக்கும். என்னுடைய தொலைநோக்கி 200 மி.மீ. ஆடியும் 1000 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட நியூட்டோனியன். குவியத் தொலைவை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எஃப் எண் 5, அதாவது எஃப்/5. குழாயின் வாய் திறந்தே இருக்கும். கேமராவில் இருப்பது ஐஎம்எக்ஸ்533 சென்சார். ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான், நீளத்திலும் அகலத்திலும் 3008 பிக்சல்கள்.

ஆடியிலிருந்து வரும் ஒளி கூம்பாகக் குவிந்து சென்சாரில் வந்து விழுகிறது. அந்த வழியில் குறுக்கே நிற்கும் தூசி குவியத்தில் இல்லாததால், அதன் உருவம் தெரியாது. மங்கிய வட்ட நிழல்தான் தெரியும். நியூட்டோனியனில் சிறு ஆடி நடுவை மறைப்பதால் அந்த நிழல் உளுந்து வடைபோல நடுவில் ஓட்டையோடு இருக்கும். லென்ஸ் தொலைநோக்கியில் ஓட்டை இருக்காது. நிழலின் விட்டத்தை எஃப் எண்ணால் பெருக்கினால், சென்சாரிலிருந்து தூசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

என் படத்தில் வலது மேல் மூலையில் இருந்த வளையம் 260 பிக்சல் அகலம். 3.76 மைக்ரானால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. அதை 5-ஆல் பெருக்கினால் 5 மி.மீ. ஆகவே தூசி சென்சாரில் இல்லை. கேமராவுக்குள் சென்சாரைக் குளிரவைக்கும் அறையை மூடியிருக்கும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கேமராவைத் திறக்கவே வேண்டாம். கீழே 40 பிக்சலில் அடர்த்தியாக ஒரு புள்ளியும் இருந்தது. அது முக்கால் மில்லிமீட்டர் தூரம். சென்சாரோடு ஒட்டி வரும் கண்ணாடியின் மேல். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒரு மி.மீ. நிழல் விழுத்தும் தூசியின் அகலம் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பில் நூறில் ஒரு பங்கு. ஒளி ஒரு சதவீதம் குறையும். கல்யாண போட்டோவில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் நகரத்து வானத்தில் எம்33 விண்மீன் மண்டலத்தின் வெளிச் சுருள்கள் பின்னணியைவிட ஒரு சதவீதம் கூடுதல் வெளிச்சம் காட்டினாலே பெரிது. அந்த மங்கிய வெளிச்சத்தைக் கணினியில் தூக்கிக் காட்டும்போது தூசியும் கூடவே எழுந்து வருகிறது. அதே தூசி சென்சாருக்கு 25 மி.மீ. முன்னால், ஃபில்டரில் இருந்தால் நிழல் 5 மி.மீ. அகலத்துக்குப் பரவி, இழப்பு 2500-இல் ஒரு பங்காகிவிடும். முதன்மை ஆடியில் இருந்தால் எந்த வடிவமும் தெரியாது. எனவே பொட்டுக்காக ஆடியைக் கழற்றிக் கழுவாதீர்கள்.

பஞ்சு இழை மட்டும் வேறு விதம். சென்சாருக்கு அருகில் விழுந்தால் வளைந்த முடிபோலத் தெரியும். காற்று பட்டால் இடம் மாறும். அதுதான் எனக்குப் பெரிய பகை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெளிக் கண்ணாடிக்கு: தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ரப்பர் பந்தால் கீழிருந்து ஊதுகிறேன். அநேகமாக அதுவே போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து வரும் காற்றும் வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் கண்ணாடியில் சிதறிக் கறை படியும். உள் அறையைத் திறப்பதில் தூசியைவிட ஈரம்தான் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் திறந்து மூடினால், மைனஸ் 10 டிகிரிக்குக் குளிரும்போது உள்ளே சிக்கிய ஈரம் சென்சாரின் மேல் உறைபனியாகப் படியும். வறண்ட மாதத்தில், ஈரம் உறிஞ்சும் வில்லைகளையும் காயவைத்துப் போடும் நாளில் மட்டுமே திறக்கலாம் என்பது என் கட்சி.

மிச்சத்தை ஃபிளாட் படங்கள், அதாவது சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து நிழல்களைப் பதிவு செய்யும் படங்கள், பார்த்துக்கொள்ளும். இதற்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை: தெரிந்த கட்டிங் மாஸ்டர் கொடுத்த வெள்ளை பனியன் துணி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்). அதை இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடிந்ததும் வானத்தின் உச்சியை நோக்கித் திருப்பி, சென்சார் பதிவு செய்யக்கூடிய உச்ச அளவில் பாதி வெளிச்சம் வரும்படி முப்பது படங்கள் எடுக்கிறேன். இரவுப் படத்தை இதனால் வகுத்தால், தூசி மறைத்த ஒரு சதவீதம் திரும்பிவிடும். குவியத்தையும் கேமராவின் கோணத்தையும் இடையில் தொடக்கூடாது. ஃபில்டர் மாற்றினால் அதற்கும் தனியே எடுக்க வேண்டும்.

இங்கேதான் பஞ்சு இழை கெடுக்கிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் அது நகர்ந்துவிட்டால், வகுத்த படத்தில் பழைய இடத்தில் கறுப்பாக ஒன்று, புதிய இடத்தில் வெளிச்சமாக ஒன்று என இரண்டு இழைகள். நின்ற இடத்தில் நிற்கும் தூசியை எவ்வளவு வேண்டுமானாலும் சகித்துக்கொள்ளலாம். நகரும் இழையை ஒன்றுகூட விட்டுவைக்கக் கூடாது.

ஹபிள் தொலைநோக்கியில் 2009-இல் பொருத்திய வைட் ஃபீல்டு கேமரா 3-க்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒளியை அகச்சிவப்புப் பகுதிக்குத் திருப்பிவிடும் கண்ணாடியில் துகள்கள் படிந்து, படங்களில் மங்கிய திட்டுகளாக விழுகின்றன. ஊதிவிட அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு திட்டும் எப்போது தோன்றியது என்று கண்காணித்துப் பதிவு செய்து, அதற்கேற்பத் திருத்துகிறார்கள். நானும் ஒரு நோட்டில் பொட்டின் இடம், அகலம், முதலில் பார்த்த தேதி மூன்றையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மேல் மூலை வளையம் ஊதியதும் போய்விட்டது. 40 பிக்சல் புள்ளி அதே இடத்தில் இருக்கிறது, ஃபிளாட்டில் சுத்தமாக மறைகிறது. பங்குனி வரை அதைத் தொடப்போவதில்லை.