டேங்க் என்றால் கண்மாய்

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தன் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. போன மாதம் மேற்கு டெக்சாஸின் மார்ஃபா பகுதித் தாளை இறக்கினேன். 1890களில் அளந்தது, 1:125,000 அளவு, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மைல். தாள் முழுக்கப் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள், குறுக்கே கறுப்பாக ஒற்றை ரயில் பாதை.

வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். மானாமதுரைப் பக்கம் மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பொட்டல்ல எஞ்சினுக்குத் தண்ணி எங்க புடிச்சாங்க?” என்றார்.

அந்த ஊர் உண்டானதே அதற்காகத்தான். நீராவி எஞ்சின்கள் நின்று தண்ணீர் பிடிக்கும் இடமாக 1883-ல் தொடங்கியது மார்ஃபா. கிழக்கே பைசானோ கணவாய், 5,074 அடி. நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை அந்தப் பாதையில் அதுதான் உச்சி. கோடுகள் நெருங்கி நெருங்கி வர, ரயில் பாதை அவற்றுக்கிடையே வளைந்து ஏறுவதை அப்பா விரலால் தடவிக்கொண்டே போனார். ஏற்றத்தில் எஞ்சின் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மாட்டை ஏற்றி அனுப்ப ரயில் வந்துவிட்டதால் பெரிய மாட்டுப் பண்ணைகளும் வந்தன. இதைப் பார்க்க, இன்னும் விரிவாகக் காட்டும் பிற்கால 1:24,000 தாள்கள்தான் சரி. அவற்றில் வீடுகளைவிடத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகள் அதிகம் போலிருக்கும். அப்புறம் அங்கங்கே நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி, பக்கத்தில் ‘டேங்க்’ என்ற எழுத்து. இரும்புத் தொட்டி என்று நினைத்துவிடக் கூடாது; மண்கரை போட்டு, ஓடிவரும் மழைத் தண்ணீரை மாடுகளுக்காகத் தேக்கிய குட்டை பெரும்பாலும்.

அப்பாவிடம் சொன்னதும், “அப்ப கண்மாய்னு சொல்லு” என்றார். வெள்ளைக்காரன் எடுத்த சர்வே படங்களில் நம் கண்மாய்களுக்கும் ‘டேங்க்’ என்றுதான் போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லில் எனக்கு அந்த ஊர் நெருக்கமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரான ஆல்பைனிலிருந்து மார்ஃபாவுக்கு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டியே போகும் சாலையில் போனேன். படத்தில் காற்றாலை இருந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். கம்பி வேலிக்கு அப்பால் இறக்கை போன கோபுரம் மட்டும் நின்றது. அதன் காலடியில் ஒரு சோலார் தகடு, குழாயிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர், தொட்டியைச் சுற்றி வெள்ளை முகத்து மாடுகள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.