பாதி வெற்றிடமே பகை

விண்கலங்களில் உள்ள துடிப்புப் பிளாஸ்மா உந்திகளுக்கான உயர் மின்னழுத்தச் சுற்றுகளோடுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. உந்தியின் அமைப்பு எளிது. இரண்டு மின்முனைகள், நடுவே ஒரு டெஃப்லான் கட்டை, அதைத் தள்ளிக்கொடுக்க ஒரு சுருள்வில். மின்தேக்கியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, சிறு தீப்பொறியால் தூண்டிவிட்டால், சில மைக்ரோ விநாடிகளில் ஆற்றல் முழுவதும் பாய்ந்துவிடும். டெஃப்லானின் மேற்பரப்பு ஆவியாகிப் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாகச் சீறிக் கலத்தைத் தள்ளும். 1964இல் ஏவப்பட்ட சோவியத் சோண்ட்-2 கலத்திலேயே இவை பறந்தன. 1968இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எல்இஎஸ்-6 செயற்கைக்கோளில் ஒரு துடிப்புக்கு 1.85 ஜூல், 1360 வோல்ட். ஒரு கிலோ எடையை ஏறக்குறைய ஒரு சாண் தூக்கும் ஆற்றல்தான் அது.

புதிதாக வருபவர்கள் வோல்ட்டைக் கண்டு அஞ்சுவார்கள், அஞ்சவும் வேண்டும். எனக்கோ மிச்சமிருக்கும் காற்றின் மேல்தான் அச்சம். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள சாதாரணக் காற்று ஏறக்குறைய 30,000 வோல்ட் தாங்கும். அழுத்தம் வளிமண்டலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்போது, அதே இடைவெளியில் 330 வோல்ட்டுக்கே மின்னிறக்கம் பாய்ந்துவிடும். இன்னும் இறங்கினால் மறுபடி தாங்கத் தொடங்கும். 1889இல் ஜெர்மன் இயற்பியலாளர் பாஷென் கண்ட விதி இது. ஆகவே தரையில் சோதனைக்கான வெற்றிடக் கலனிலிருந்து காற்றை வெளியேற்றும் நேரத்தில் யாரும் உயர் மின்னழுத்தத்தை இயக்கக் கூடாது. விண்ணிலும் சுற்று இருக்கும் பெட்டிக்குள் உள்ள காற்று முழுதாக வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும்.

இதிலும் கொடியது, மின்காப்புக்காக ஊற்றும் சிலிக்கோனுக்குள் சிக்கிய குமிழி. தரையில் அதற்குள் முழு அழுத்தத்தில் காற்று இருப்பதால் சோதனைகளில் பிடிபடாமல் தப்பிவிடலாம். விண்ணில் அந்தக் காற்று மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்து அந்த ஆபத்தான அழுத்தத்தை எட்டும். அப்போது உள்ளே நுண்ணிய மின்னிறக்கங்கள் தொடங்கி, காப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பழுது பார்க்க அங்கே யாரும் போக முடியாது.

எங்கள் கூடத்தில் சிலிக்கோன் ஊற்றிய மூத்த தொழில்நுட்பரை நான் மிகவும் மதித்தேன். கலவையை வெற்றிடத்தில் வைத்து, நுரைத்துப் பொங்கி அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு ஒரே மூலையிலிருந்து நூலிழையாக ஊற்றுவார். திட்ட அட்டவணையைக் காட்டி யார் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். சுற்றை வரைந்த எங்களுக்குக் கிடைத்த பாராட்டில் பாதியாவது அவருக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது கல்லூரி மாணவர்கள்கூடக் கையடக்கச் செயற்கைக்கோள்களுக்கு இத்தகைய உந்திகளை வடிவமைக்கிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. எந்த மின்மாற்றியை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம், பெட்டியில் காற்று வெளியேறத் துளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.