அம்பாசடரின் கரும்புகை: சேலம் நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அப்பா ஓட்டிய அம்பாசடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் எஸ்.யூ. கார்புரேட்டரும் கொண்டது. கொஞ்ச நாளாகவே ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது, பின்னால் இருக்கும் இருசக்கர வண்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் பெட்ரோல் வாடையுடன் கரும்புகை விடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை மெதுவாக ஓடவிடும் ஐடிலிங்கும் சீராக இல்லை. இரைவதும் அடங்குவதுமாக ஓடுகிறது. இன்று ஆடிப்பெருக்கு என்பதால் ஓமலூர் சாலையில் மேட்டூர் போகும் கூட்டம் நெரியும். அதனால் வண்டியை வெளியே எடுக்காமல், வாசலிலேயே எஞ்சினைச் சூடேற்றிச் சற்று நேரம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்.

நான்கிலும் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி. எண்ணெய்ப் பசை துளியும் இல்லை. ஆயில் எரிந்திருந்தால் பிளக் ஈரமாகப் பளபளக்கும், புகையும் நீலமாக வரும். நான்கும் ஒன்றுபோலக் கறுத்திருப்பதால் ஒரு சிலிண்டரையோ ஒரு வயரையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். ஸ்பார்க் வலுவிழந்தாலும் பிளக்கில் கரி படியும் என்பதால் ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட்டின் இடைவெளியை அளந்தேன். 0.015 அங்குலம் சரியாகவே இருந்தது, ஸ்பார்க்கும் நீலமாகப் பளிச்சென்று விழுந்தது. ஆக, மிச்சம் இருப்பது கார்புரேட்டர்.

பக்கத்து வீட்டு அண்ணன், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைங்க தம்பி" என்றார். எத்தனால் தன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், ஜெட் எனப்படும் அதே பெட்ரோல் துளையின் வழியே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தால், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை பெட்ரோல் குறைந்த பக்கம்தான் சாயுமே தவிர, மிகுந்த பக்கம் சாயாது. பழைய ரப்பர் பாகங்களுக்கு அதனால் வரும் தீங்கு உண்மைதான். ஆனால், இந்தக் கரிக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

6 ஆகஸ்ட், புதன்

விடியற்காலையில் ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டி, ஓட்டத்திலேயே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து ஓரம் கட்டினேன். இப்படிச் செய்தால்தான் அந்த வேகத்தில் கலவை எப்படி இருந்தது என்பதை பிளக் காட்டும். மெதுவாக உருட்டி வந்து நிறுத்தினால் ஐடிலிங்கின் கரி அதன்மேல் படிந்துவிடும். கழற்றிய பிளக்குகளில் கரியைக் காணவில்லை. அதைவிட முக்கியமாக, கலவை சரியாக இருந்தால் தெரிய வேண்டிய காப்பிப் பொடி நிறமும் இல்லை. வெளிறிய சாம்பல் நிறம்தான் இருந்தது. நிற்கும்போது பெட்ரோல் மிகுதி, ஓடும்போது சற்றே பற்றாக்குறை. ஒரே கார்புரேட்டரில் இரண்டும் எப்படி?

கார்புரேட்டரின் சிறு பெட்ரோல் தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் மிதக்கும் ஃப்ளோட்டின் மட்டம் உயர்ந்திருந்தாலோ, அதன் வால்வு கசிந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ ஓடும்போதும் கலவையில் பெட்ரோல் மிகுந்தே இருக்க வேண்டும். எனவே அவை மூன்றும் பட்டியலின் அடிக்குப் போகின்றன. எஸ்.யூ. கார்புரேட்டரில் இருப்பது ஒரே ஜெட். 0.090 அங்குல விட்டமுள்ள அந்தத் துளைக்குள், கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனோடு ஏறி இறங்கும், நீடில் என்ற கூம்பிய ஊசி நிற்கிறது. ஐடிலிங்கில் பிஸ்டன் தாழ்ந்து, நீடிலின் தடித்த பகுதி துளையை ஏறக்குறைய அடைத்துவிடுவதால், பெட்ரோல் வருவதற்கு மயிரிழை இடைவெளிதான் மிஞ்சுகிறது. துளையும் நீடிலும் உரசித் தேய்ந்து இன்னொரு மயிரிழை கூடினால், ஐடிலிங்கில் அது பெரும் பங்காகிவிடும். பிஸ்டன் உயர்ந்து இடைவெளி அகன்றபின் அதே தேய்மானம் பொருட்டாகவே தெரியாது. ஐடிலிங் கரிக்கு இது விடையாகிறது. நெடுஞ்சாலையின் வெளிறலுக்கு விடை இன்னும் பாக்கி.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பிரித்துப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை ஏற்காடு ஏறிப் பார்க்க விரும்பினேன், ஏனெனில் மலை தன் பங்குக்குச் சேர்ப்பதை வண்டியின் குறையிலிருந்து கழித்தாக வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 11 விழுக்காடு குறைவு. கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை; உறிஞ்சலுக்கு ஏற்பப் பெட்ரோலை விடுகிறது. அதனால் கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறி, மேலே சுமார் 6 விழுக்காடு கூடுதல் பெட்ரோலுடன் எரிகிறது.

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி திணறாமல் ஏறியது. சொல்லப்போனால் சமவெளியைவிட மேலே பிக்கப் நன்றாக இருந்தது. ஆனால் ஏரிக்கரையில் ஐடிலிங்கில் விட்டதும் கரும்புகை கக்கி அணைந்துவிட்டது. மிதித்து ஓட்டும்போது இருந்த பற்றாக்குறையை மலை ஈடுகட்டிவிட்டது, ஐடிலிங்கில் இருந்த மிகுதியையோ இன்னும் கூட்டிவிட்டது. டீக்கடையில் நின்றிருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் அன்போடு, "அடி நட்டை ஒரு சுத்து மேல ஏத்துங்க, சரியாயிரும்" என்றார். அந்த நட்டை ஏற்றினால் ஜெட் உயர்ந்து எல்லா நிலையிலும் பெட்ரோல் குறையும். 1,500 மீட்டரில் அப்படிச் சரிசெய்த வண்டி சமவெளிக்கு இறங்கியதும் பெட்ரோல் பற்றாமல் சூடேறும். எக்ஸாஸ்ட் வால்வு கருகவும் கூடும். நன்றி சொல்லிவிட்டு, நட்டைத் தொடாமல் இறங்கினேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மெக்கானிக் பெரியவர் முன்னிலையில் கார்புரேட்டரைப் பிரித்தோம். "தம்பி, முதல்ல நட்டு எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார். ஜெட்டின் அடி நட்டு கிட்டத்தட்ட உச்சியில் நின்றது. நெடுஞ்சாலைப் பிளக் வெளிறியதன் காரணம் அதுதான்: முன்பு எப்போதோ, யாரோ ஐடிலிங் புகையைக் குறைப்பதற்காக நட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பிஸ்டனைத் தூக்கி, நீடிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மேல்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் நகத்தால் கீறியதுபோல ஒரு மினுமினுப்பான கோடு ஓடியது. மறுபக்கம் மங்கிய பித்தளை நிறமாகவே இருந்தது. ஜெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளை வட்டமாக இல்லாமல், அந்தக் கோட்டுக்கு நேராக ஒரு திசையில் நீண்டிருந்தது. ஜெட்டை நடுவாகப் பொருத்தாமல் இறுக்கியதால் நீடில் ஆண்டுக்கணக்கில் அந்த ஓரத்தையே உரசியிருக்கிறது. நீடிலின் தலையில் பொறித்திருந்த எழுத்தைக் குறித்துக்கொண்டோம். வேறு எழுத்துள்ள நீடில் வேறு கூம்பு, அதைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஃப்ளோட், வால்வு, ஏர் ஃபில்டர் எல்லாம் எதிர்பார்த்தபடி சரியாகவே இருந்தன.

23 ஆகஸ்ட், சனி

புது ஜெட்டும் நீடிலும் வந்து சேர்ந்தன. பொருத்துவதைவிட நடுப்படுத்துவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஜெட் தாங்கியின் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை முழுதும் அழுத்தி, மெல்ல இறுக்கி, பிஸ்டனைத் தூக்கி விட வேண்டும். அது "டிக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். ஜெட்டை மேலே வைத்தும் கீழே இறக்கியும் சத்தம் ஒன்றாகக் கேட்கும்வரை பெரியவர் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். அந்தப் பொறுமைக்குத் தனிக் கூலி கொடுக்கலாம்.

பிறகு ஜெட்டை, காற்று வழியில் அது திறக்கும் மேடையான பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, அடி நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்கி, எஞ்சின் சூடானபின் கார்புரேட்டர் பிஸ்டனை மிகச் சிறிதளவு உயர்த்திப் பார்த்தோம். வேகம் கூடி அப்படியே நின்றால் மிகுதி, அணைந்தால் பற்றாக்குறை. எங்கள் எஞ்சின் ஒரு கணம் கூடி, உடனே பழைய நிலைக்கு வந்தது. மாலையில் ஓமலூர் சாலையில் எடுத்த பிளக் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. ஐந்து ரோடு சிக்னலில் புகை இல்லை. அமைப்பைச் சேலத்துக்கே வைத்துவிட்டேன், ஏற்காட்டில் ஐடிலிங்கில் பெட்ரோல் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் இன்னும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்தாலும் இதே வாடை வரும் என்பதால் அதையும் பார்த்தாயிற்று, கிழிசல் இல்லை. திங்கட்கிழமை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றப் போகிறேன்.