மேகம் வந்தால் நூறு சதவீதம்: ஷண்ட் மீட்டரோடு ஒரு மல்லுக்கட்டு

மோட்டார்ஹோமில் இருக்கும் 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரியின் இருப்பை, உள்ளே போய் வெளியே வரும் கரண்ட்டை ஷண்ட் என்ற உலோகத் துண்டின் வழியே அளக்கும் மீட்டர் ஒருவழியாக நம்பும்படி காட்டத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் நண்பகலில் 61 சதவீதம் என்று நின்ற எண், ஒரு மேகம் சோலார் பேனலை மறைத்ததும் 100-க்குத் தாவிவிடும். அன்றிரவு இன்வெர்ட்டரை எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்ற கணக்கே அதனால் பொய்த்துப்போகும்.

வயரிங்கில் குறையில்லை. எதிர்முனை இணைப்புகள் யாவும் ஷண்ட்டைக் கடந்தே பேட்டரிக்குச் செல்கின்றன. கோளாறு, பேட்டரி நிறைந்துவிட்டது என்று மீட்டர் முடிவுசெய்யும் விதிகளில் இருந்தது. வோல்டேஜ் 13.2-க்கு மேலும், உள்ளே பாயும் கரண்ட் கொள்ளளவில் 4 சதவீதத்துக்குக் கீழும், அதாவது 8 ஆம்பியருக்குக் கீழும், தொடர்ந்து 3 நிமிடம் இருந்தால் அது 100 என்று எழுதிக்கொள்கிறது. ஈய-அமில பேட்டரிக்கு இது ஓரளவு பொருந்தலாம். லித்தியமோ பாதி நிறைந்த நிலையிலும் மெல்லிய வெயிலில் 13.3-ஐ எளிதாகக் காட்டிவிடும் என்பதால், மேகத்தால் கரண்ட் குறைந்ததை நிறைவின் அறிகுறியென்று மீட்டர் எடுத்துக்கொள்கிறது. இப்படியோர் எண்ணை எல்லா பேட்டரிக்கும் பொதுவாக வைத்து அனுப்புவது சோம்பேறித்தனம் என்பதே என் கருத்து.

சோலார் கன்ட்ரோலர் 14.2 வோல்ட் வரை ஏற்றுவதால், மீட்டரின் நிறைவு வோல்டேஜை 14.0 ஆக்கினேன். 14.2-ஐயே கொடுத்தால் கம்பியில் ஏற்படும் சிறு இழப்பினால் மீட்டர் அந்த அளவைக் காணாமலே போகக்கூடும். வேகமாக எடுத்தால் பேட்டரியின் பயன்படும் அளவு எவ்வளவு குறையும் என்பதைக் குறிக்கும் பியூகெர்ட் எண்ணை 1.25-லிருந்து 1.05-க்கும், ஏற்றியதில் திரும்பக் கிடைக்கும் பங்கான சார்ஜ் திறனை 99 சதவீதத்துக்கும் மாற்றினேன். இப்போது பிரிட்ஜ் சராசரியாக 4 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் ஓடினால் எண் 20 குறைகிறது; மேகம் வந்தாலும் தாவுவதில்லை.



ஷண்ட்டின் வெப்ப உணரியை இன்னும் பொருத்தவில்லை. ஆயினும் மனம் அதற்குள், வண்டி ஓடும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து இந்த பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜருக்குத் தாவிவிட்டது. லித்தியம் கேட்கும் கரண்ட்டை எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நேரடியாகக் கொடுத்தால் அது சூடேறிப் பழுதாகலாம் என்பதால் இடையில் சார்ஜர் அவசியம். சார்ஜருக்கான கேபிளின் ஒரு முனையில் வண்டியின் பேட்டரியும் மறுமுனையில் லித்தியம் பேட்டரியும் இருப்பதால் ஃபியூசும் இரு முனையிலும் வேண்டும்.