கிணத்தடித் தொட்டியும் செம்பனை மில்லும்

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின்ட கோலாலம்பூர் கிளை மலருக்கு ஏதாவது எழுது எண்டு செயலாளர் மூண்டு தரம் கேட்டிட்டார், எனக்கு எழுத இருக்கிறது ஒரு ஆள்தான், எங்கட பிசிக்ஸ் சேர்.

ஏ எல் படிக்கேக்க ஒருநாள் புத்தகத்தைத் திறக்காமலே எங்களைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், துலா, அதுதான் கிணத்துத் தண்ணி இறைக்கிற ஏத்தம், மிதிக்கிறதைப் பாருங்கோ எண்டார். தண்ணி அள்ளுற பட்டை மேல வருது, தொட்டியில ஊத்துது, திரும்பக் கிணத்துக்குள்ள போகுது, ஆனா வாய்க்கால் தண்ணி அறுபடேல்லை, ஒரே ஓட்டம். "விட்டு விட்டு வாறது எப்பிடியடா விடாமப் போகுது?" நாங்கள் முழிச்சம். "தொட்டியடா!"

அது வடிவா விளங்கினது பேராக்கில செம்பனை எண்ணெய் மில்லில வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். வெட்டின குலையில பழம் நசிஞ்சால் லைப்பேஸ் எண்ட நொதியம் எண்ணெயை உடைச்சு அமிலமாக்கும், அதை நிப்பாட்டவும் பழம் குலையால கழரவும்தான் ஆவியில அவிக்கிறது. கூண்டு கூண்டா ஸ்டெரிலைசர் எண்ட அவிக்கிற கலனுக்குள்ள தள்ளி, கதவைப் பூட்டி, கிட்டத்தட்ட 3 பார் அமுக்கத்தில ஒண்டரை மணித்தியாலம், அதுவும் ஆவியை ரெண்டு தரம் ஏத்தி இறக்கி மூண்டாம் தரம்தான் பிடிச்சு வைக்கிறது, ஏனெண்டால் உள்ள காத்து நிண்டால் சூடு குலையின்ட நடுவுக்குப் போகாது. அது விட்டு விட்டு நடக்கிற வேலை. ஆனா பொயிலர், அந்த ஆவியில சுத்திக் கரண்ட் குடுக்கிற டர்பைன், எண்ணெய் பிழியிற ஸ்க்ரூ பிரஸ் எல்லாம் நிக்காம ஓடோணும்.

ஒரு நைட் ஷிஃப்டில ரெண்டு ஸ்டெரிலைசருக்கும் ஒரே நேரத்தில ஆவி திறந்திட்டாங்கள். டர்பைனால வெளிய வாற ஆவி சேர்ந்து ஸ்டெரிலைசருக்குப் போற பேக் பிரஷர் வெசல் வத்திப்போய், மிச்சத்தை நேர பொயிலரில இருந்து இழுக்க, பொயிலர் அமுக்கம் இறங்கி, டர்பைன் தளர்ந்து, லைட் மங்கி, பிரஸ் திணறி நிண்டிட்டுது. அந்த இருட்டில எனக்குக் கண்ணுக்குள்ள வந்தது கிணத்தடித் தொட்டி. வெசல்தான் தொட்டி, என்ன, இங்க தலைகீழ், வாறது விடாம வருது, எடுக்கிறதுதான் விட்டு விட்டு. அடுத்தநாளே எது எப்ப திறக்கிறது எண்டு நேர அட்டவணை எழுதி ஒட்டினன்.

இப்ப சில மில்லில குலையை முதல் நசுக்கி கன்வேயரில விட்டுத் தொடர்ச்சியா அவிக்கினம், ஆவித் தேவை சமனா இருக்கும், நல்லதுதான். ஆனா எனக்குக் கூண்டு முறையில ஒரு மரியாதை இருக்கு, ஒரு கூண்டில பிழை விட்டால் அது அந்தக் கூண்டோட போகும், தொடர் ஓட்டத்தில நடுவில ஒண்டு நிண்டால் பின்னால எல்லாம் நிக்கும்.

போன மாசம் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில பிரஷர் பாத்தா 165க்கு 70. வயசால பெருந்தமனிச் சுவர் இறுகிட்டுது அங்கிள், அதான் ரெண்டு எண்ணுக்கும் இடைவெளி கூட எண்டு டொக்டர் பிள்ளை சொன்னா. இதயம் அடிச்சு அடிச்சுத்தான் தள்ளுது, அந்தச் சுவர் விரிஞ்சு ரத்தத்தைப் பிடிச்சு வைச்சு மெல்ல விடுறதாலதான் நுனி நாளம் வரைக்கும் ஓட்டம் அறுபடாமப் போகுதாம். நான் துலாவைப் பற்றிச் சொன்னன். இங்க பிறந்த பிள்ளை, துலா கண்டதில்லை, அவவின்ட பேப்பரிலயே கீறிக் காட்டினன், தொட்டியை மட்டும் கொஞ்சம் பெரிசா.